வளையங்களுக்கு வயது சொன்ன குரல்

கோளரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வாசலிலேயே என்னை மடக்கிவிட்டார் டிக்கெட் கிழிக்கிற அக்கா. கையை நீட்டி டிக்கெட் கேட்டார். "நான் இங்க வேலைக்கு வந்திருக்கேங்க" என்றேன். இடுப்பில் செருகியிருந்த சின்னக் குறிப்பேட்டை எடுத்து எழுதிக் காட்டினார்: "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஆர்டர் எங்க?"

ஆர்டரைக் காட்டினேன். கூடவே அவர் கேட்காத பட்டச் சான்றிதழையும் காட்டினேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. யாரும் கேட்காவிட்டாலும் அதைக் காட்டுகிற வழக்கம் அப்போது எனக்கு இருந்தது. அக்கா ஆர்டரை ஒரு பார்வை பார்த்தார். சான்றிதழை நின்று நிதானமாகப் படித்தார். பிறகு எழுதினார்: "பிசிக்ஸா? அப்ப உள்ள போய் ஷோ பாரு. எத்தனை தப்புன்னு வந்து சொல்லு."

உள்ளே போனேன். குவிமாடத்துக்குள் விளக்குகள் அணைந்ததும் ஒரு பெண் குரல் பேசத் தொடங்கியது. அவசரமில்லாத குரல். பிள்ளைகளுக்குத் தலை பின்னிக்கொண்டே கதை சொல்கிற மாதிரி. நாற்பது நிமிடம். சூரியனில் ஆரம்பித்து விண்மீன் கூட்டங்கள் வரை போய்த் திரும்பி வந்தது. நான் குரலைக் கேட்கவில்லை, தப்பை எண்ணிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பெருமையாகச் சொன்னேன்: "பதினொண்ணுக்கா."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். சனிக்குப் பதினெட்டு நிலாக்கள் என்றது தப்பு. நம் நிலாவில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது என்றது தப்பு. வேறு விண்மீன்களுக்குக் கோள்கள் இருப்பதை யாரும் பார்த்ததில்லை என்றது பெரிய தப்பு. "எந்தக் காலத்து ஆளுக்கா இது? யாரோ அரைகுறையைப் பிடிச்சுப் பேச வச்சிருக்காங்க" என்றும் சொல்லிவைத்தேன். அதையும் எழுதிக்கொண்டாரா என்று நான் பார்க்கவில்லை.

மதியம் காட்சியை ஓட்டுகிற ஆபரேட்டர் அண்ணன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தபடியே கேட்டார்: "என்ன டிகிரி, வாயாடிகிட்ட அவ குரலையே கிழிகிழின்னு கிழிச்சியாமே?"

"யாரு வாயாடி?"

"வாசல்ல டிக்கெட் கிழிக்கிறாளே, அவதான்."

"அவங்களுக்குத்தான் பேச வராதே, அண்ணே."

"இப்ப வராது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

நான் என் பாத்திரத்தைத் திறக்காமலே எழுந்துபோனேன்.

அக்காவின் கதையை நான் பலரிடம் துண்டுதுண்டாகக் கேட்டுச் சேர்த்தேன். கோளரங்கம் திறந்த வருடம் அவர் அங்கே தட்டச்சராகச் சேர்ந்திருக்கிறார். வயது இருபத்து நாலு. காட்சிக்கான உரையை மூன்று படி தட்டியவர் அவர்தான். பதிவுக்கு ஏற்பாடு செய்திருந்த அறிவிப்பாளர் அன்று வரவேயில்லை. கருவிகளை வாடகைக்கு எடுத்தாயிற்று, மறுவாரம் திறப்பு. மேலதிகாரி அறைக்குள் எட்டிப் பார்த்து, "தட்டினது நீதானே, நீயே படிச்சிடும்மா" என்று சொல்லியிருக்கிறார். ஜன்னல்களுக்குப் போர்வை தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்க ஒரே மதியத்தில் படித்து முடித்தாராம். ஆபரேட்டர் அண்ணன்தான் அன்றும் ஒலிநாடாவை ஓட்டியவர். "ஒரு இடத்துலகூடத் திக்கலடா. காகிதத்தையே பார்க்கல. நடுவுல ஒரு தடவை தண்ணி கேட்டா, அவ்வளவுதான்" என்பார்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அக்கா மேலே தட்டச்சு அறையில் இருந்தார். அவர் குரல் கீழே நாளைக்கு மூன்று காட்சி பேசியது. பிறகு குரல்வளையில் ஒரு கட்டி வந்தது. உயிர் வேண்டுமானால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை, அதை மறைக்க எப்போதும் ஒரு வெள்ளைத் துணி. கழுத்தில் ஒட்டிவைத்துப் பேசுகிற கருவி ஒன்றும் கொடுத்தார்கள். வண்டு இரைகிற மாதிரி சத்தம். மூன்று வயது மகன் அதைக் கேட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். அக்கா அதைப் பெட்டியில் போட்டு மூடினார், பிறகு திறக்கவேயில்லை. தொலைபேசி எடுக்க முடியாதவருக்கு அலுவலகத்தில் என்ன வேலை என்று வாசலுக்கு மாற்றினார்கள். உள்ளே போகிற யாருக்கும் அது இவர் குரல் என்று தெரியாது. டிக்கெட்டின் பாதியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய் அவர் பேசுவதைக் கேட்டுவிட்டு, அவரைத் தாண்டி வெளியே போவார்கள்.

குரல் போய் மூன்றாம் வருடம் புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து நீக்கிவிட்டார்கள். பத்திரிகையெல்லாம் அதே பேச்சு. குவிமாடத்துக்குள் அக்கா மட்டும் "சூரியனைச் சுற்றி ஒன்பது கோள்கள்" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு குரலில் புதிதாகப் பதிவு செய்யலாம் என்று அலுவலகத்தில் பேச்சு கிளம்பியது. ஆபரேட்டர் அண்ணன் யாரிடமும் கேட்கவில்லை. கத்தரியை எடுத்தார். "சூரிய ஒளி நம்மை வந்தடைய எட்டு நிமிடங்கள் ஆகும்" என்று அக்கா சொன்ன இடத்திலிருந்து "எட்டு" என்கிற துண்டை வெட்டி, "ஒன்பது" இருந்த இடத்தில் ஒட்டிவிட்டார்.

கோள்கள் எட்டாயின. ஆனால் ஒளிக்கு எண் போய்விட்டது. ஒரு வாரம் முழுக்கச் "சூரிய ஒளி நம்மை வந்தடைய நிமிடங்கள் ஆகும்" என்றே ஓடியிருக்கிறது. அக்கா கண்டுபிடித்து ஓடிவந்து அவர் மேசை மேல் எழுதிவைத்த காகிதத்தை அண்ணன் இன்னும் பணப்பையில் வைத்திருக்கிறார்: "எத்தனை நிமிஷம்னு சொல்லாம விட்டா சூரியனுக்கே கோபம் வரும். அறிவு இருக்கா?" மறுநாள் வேறொரு இடத்திலிருந்து இன்னொரு "எட்டு" கண்டுபிடித்து ஒட்டினார்கள். அதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் அக்காதான். உரை முழுவதும் அவருக்கு மனப்பாடம்.

நான் சேர்ந்தபோது அந்த நாடா சாகிற நிலையில் இருந்தது. ஓட ஓட மேல்பூச்சு பொடிப்பொடியாக உதிர்ந்தது. கணினிக்கு ஏற்ற வேண்டும் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். "ஒரே ஓட்டம்தான் தாங்கும், டிகிரி. பாத்துக்க" என்றார் அண்ணன். ஏற்றி முடித்ததும் சக்கரத்தில் இருந்தது மேல்பூச்சு போன வெறும் நாடா. தூக்கிப் போட்டோம்.

அந்த மாதம்தான் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். காட்சி முடிந்து வெளியே வரும்போது இரட்டைச் சடைச் சிறுமி ஒருத்தி டீச்சரின் கையை இழுத்தாள். "மிஸ், சனிக்குப் பதினெட்டு நிலாவாம். புத்தகத்துல அறுபத்திரண்டு இருக்கே. அந்தம்மாவுக்கு ஒண்ணுமே தெரியல மிஸ்." வரிசையே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, "அது பழைய காலத்து அம்மா" என்றார். அக்கா அவர்களுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தச் சிறுமி போகிற போக்கில் அவருக்கு டாட்டா காட்டினாள். அக்காவும் காட்டினார்.

அன்று மாலைக் காட்சிக்கு முன் என் அறைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்க எழுதினார். அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டது நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

"தப்பா சொல்றது பெரிய விஷயமில்ல தம்பி. எல்லாரும் சொல்றதுதான். ஆனா தப்புன்னு தெரிஞ்சா நீ 'இல்லப்பா, மாத்திச் சொல்லிட்டேன்'னு சொல்லிக்கலாம். நான் தெரிஞ்சே தினம் மூணு தடவை அதையே சொல்றேன். வாயை மூடவும் முடியல, திறக்கவும் முடியல. அந்தப் பதினொண்ணையும் எடுத்துடு."

அப்படித்தான் எங்கள் ஒட்டுவேலை தொடங்கியது. இரண்டு மணிக் காட்சிக்கும் நாலு மணிக் காட்சிக்கும் நடுவில் அக்கா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவார். நான் புதிய செய்தியைச் சொல்வேன். அவர் கண்ணை மூடி, முப்பது வருடத்துக்கு முந்தைய அந்த மதியத்துக்குள் போய் வார்த்தைகளைத் தேடுவார். விரலைச் சொடுக்கிவிட்டு எழுதுவார்: "ஏழாவது நிமிஷம், அறுபது. புதன் கிட்ட. இரண்டு, செவ்வாய்க்கு நிலா சொல்ற இடத்துல. அறுபதை முழுசா எடுக்காத, பாதி மூச்சுல நிறுத்து." நான் படியெடுத்து ஒட்டுவேன். சரியாக விழுந்தால் மேசையை இரண்டு தட்டுத் தட்டுவார். விழாவிட்டால் பென்சில் என் மேல் பறந்து வரும். நிலாவில் தண்ணீர் இல்லை என்ற வாக்கியத்தைச் செவ்வாயிலிருந்து "உறைந்த" என்ற சொல்லையும், பூமியிலிருந்து "துருவங்களில்" என்ற சொல்லையும் கொண்டுவந்து திருத்தினோம். நிலாவின் துருவங்களில் உறைந்த தண்ணீர் இருக்கிறது என்று அக்கா சொன்னார். அதை அவர் முதல் தடவை கேட்டபோது உதடு மட்டும் அசைந்தது. கூடவே சொல்லிப் பார்த்தார் போல.

சனி எங்களை விடுவதாக இல்லை. அறுபத்திரண்டை ஒட்டி ஒரு வருடம்கூட முழுதாக ஓடவில்லை, எண்பத்திரண்டு என்றார்கள். "இது என்ன தம்பி, ஆடு குட்டி போடுற மாதிரி?" என்று எழுதினார். "புது நிலா பிறக்கலக்கா, நமக்குத்தான் இப்ப கண்ணு தெரியுது" என்றேன். "அப்ப நான் பேசினப்போ எல்லாரும் குருடுதானே? என்னை மட்டும் ஏன் அரைகுறைன்னே?" முதல் நாள் நான் சொன்னதை அவர் மறக்கவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாதம் ஒரு முறை, இரண்டு மணிக் காட்சிக்கு, காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வருவார். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அக்காவின் கணவர். அக்காவை அக்கா என்றதால் அவரை மாமா என்றுதான் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் டிக்கெட்டையும் அக்கா மற்றவர்களுடையதைப் போலவே கிழித்துப் பாதியைக் கையில் கொடுப்பார். அடுத்தவருக்காக அவர் நகர்ந்துபோவார். கடைசி வரிசையில் சாய்ந்து, விளக்கு அணைந்த ஐந்தாவது நிமிடத்தில் கண்ணை மூடிக்கொள்வார். "தூங்குறதுக்கு வீட்டுல இடமில்லையா, மாமா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"வீட்ல ஃபேன் சத்தம்தானே தம்பி கேக்குது" என்றார்.

மகன் இப்போது வெளியூரில் வேலையில் இருக்கிறான். அம்மா தன்னைத் திட்டிய குரல் அவனுக்கு நினைவில்லையாம். செவ்வாயைப் பற்றிச் சொன்ன குரல்தான் தெரியுமாம். மாமா சிரித்துக்கொண்டே சொன்ன செய்தி இது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி நான் எழுத வேண்டியது என் தப்பை.

அக்காவின் உரையில் ஒரு வாக்கியம் இருந்தது: "சனி பிறந்தபோதே இந்த வளையங்களும் பிறந்தன." நான் எண்ணிய பதினொன்றில் அது இல்லை. ஆனால் சேர்ந்த இரண்டாம் வருடம் புதிய ஆய்வுகள் வந்தன. சனியைச் சுற்றிவந்த விண்கலம் வளையங்களுக்கும் சனிக்கும் நடுவே புகுந்து எடை பார்த்திருந்தது. வளையங்கள் இவ்வளவு லேசாக, இவ்வளவு சுத்தமாக இருப்பதால் அவை மிகச் சமீபத்தில்தான் உண்டாகியிருக்க வேண்டும் என்றார்கள். சனிக்கு வயது நானூற்றைம்பது கோடி என்றால் வளையங்களுக்குப் பத்துக் கோடி இருந்தால் அதிகம். பூமியில் டைனோசர்கள் திரிந்தபோது சனிக்கு வளையமே இல்லாமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்படிப்பட்ட செய்தி அது. மறுவாரம் பள்ளிக்கூடங்கள் வரிசையாக வர இருந்தன. அதற்குள் மாற்றிவிட வேண்டும் என்று துடித்தேன்.

அக்காவைக் கூப்பிட்டேன். அவர் கண்ணை மூடவில்லை. "உறுதியா?" என்று எழுதினார்.

"விண்கலமே உள்ள போய்ப் பாத்துட்டு வந்திருக்குக்கா. இதுக்கு மேல என்ன உறுதி?"

"இதை நான் ரொம்பப் பிடிச்சுச் சொன்னேன் தம்பி. கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமே."

"பிடிச்சதுங்கிறதுக்காகத் தப்பை வச்சிருக்க முடியுமா? நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க?"

அவர் வார்த்தையாலேயே அவரை மடக்கினேன். சற்று நேரம் பென்சிலைச் சுழற்றிக்கொண்டிருந்தார். பிறகு விரலைச் சொடுக்கினார். "சனியைவிட" என்பதை வியாழனிடமிருந்து எடுத்தோம். "மிக இளையவை" என்பதை, கூட்டமாகத் தெரிகிற இளைய விண்மீன்களைப் பற்றிச் சொன்ன இடத்திலிருந்து எடுத்தோம். "இந்த வளையங்கள் சனியைவிட மிக இளையவை." அச்சாக விழுந்தது. நான்தான் மேசையை இரண்டு தட்டுத் தட்டினேன். பழைய வாக்கியத்தை அழித்து அதே கோப்பில் சேமித்தேன். ஏற்றும்போது எடுத்த முதல் படி அண்ணனின் கணினியில் இருக்கிறது என்று நான் நினைத்தேன். என்னிடம் இருக்கிறது என்று அவர் நினைத்தார். அந்தக் கணினியை அலுவலகம் பழைய சாமான்களோடு கழித்துக்கட்டியபோது நாங்கள் இருவரும்தான் வண்டியில் தூக்கி ஏற்றினோம்.

அதன் பிறகு ஐந்து வருடம் ஓடியது. சனியின் நிலாக்கள் நூற்று நாற்பத்தாறு ஆயின. அதற்கும் ஒட்டினோம். இடையில் புதுக் கருவிகள் வந்தன; ஒரு குரலைக் கணினிக்குக் கொடுத்தால் அதே குரலில் எதை வேண்டுமானாலும் பேசவைக்கலாம் என்றாகிவிட்டது. ஒரு வாக்கியம் தயார் செய்து அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுதினார்: "இது எந்த மத்தியானம் நான் சொன்னது?" தொடர்ந்து எழுதினார்: "நான் சொன்னதே எவ்வளவோ தப்பு. சொல்லாததையும் என் தலையில கட்டாத." அத்தோடு அதை விட்டேன்.

அறிவியல் பக்கங்களைக் கத்தரித்துச் சேர்க்கிற பழக்கம் அக்காவுக்கு உண்டு. ஒரு காலை வேலைக்கு வந்ததும் நேராக என் அறைக்கு வந்து ஒரு துண்டை மேசையில் வைத்தார். சனியின் வளையங்கள் சுத்தமாக இருப்பதாலேயே அவற்றை இளையவை என்று சொல்லிவிட முடியாது. விண்துகள் மோதினால் அழுக்குப் படியாமல் ஆவியாகிப் போய்விடக்கூடும். சனி அளவுக்கே வயதானவையாகவும் இருக்கலாம் என்று ஒரு குழு கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தது. இன்னும் முடிவாகவில்லை, சண்டை நடக்கிறது என்றும் போட்டிருந்தது. கடைசி வரியை அக்கா கோடிட்டிருந்தார்.

அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. எழுத்து கோணல்மாணலாக ஓடியது. "பழசைப் போடு தம்பி. ரெண்டு பேரும் சண்டை போடட்டும். யார் ஜெயிச்சாலும் பரவாயில்ல. நான் சொன்னதும் ஒரு கட்சிதானே? அதைப் போடு."

தேடினேன். என் கணினியில் தேடினேன். தூக்கிப் போடாமல் வைத்திருந்த பழைய டிஸ்க்குகளில் தேடினேன். அண்ணனைக் கூப்பிட்டேன். "உன்கிட்டதானேடா இருக்கு" என்றார். "உங்ககிட்டதானேண்ணே" என்றேன். அக்கா எங்கள் இருவரையும் பார்த்தார்.

ஒட்டிச் செய்யலாமா என்று கேட்டேன். "பிறந்தபோதே" என்ற சொல் உரையில் வேறு எங்கும் இல்லை. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அவர் எழுதியதை நான் மாற்றாமல் தருகிறேன். "அது ஒண்ணுதான் நான் ஒருவேளை சரியா சொன்னது. அதைத்தான் வெட்டிட்டியா?"

காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது. அதற்கும் நேரம் கொடுக்காமல் எழுந்துபோனார். பதினோரு மணிக் காட்சிக்கு வரிசை நின்றிருந்தது. போய் டிக்கெட் கிழித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். பணிமனைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். மாமா ஸ்டூல் மேல் ஏறி மின்விசிறியைக் கழற்றி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அக்கா எழுதுவதை அவர்தான் உரக்கப் படித்துச் சொல்வார். அந்த வீட்டில் இருவர் பேச்சுக்கும் ஒரே தொண்டை.

"'புதுசா பதிவு பண்ணச் சொல்லி ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறேன். வேற குரல் போடுங்க'ங்கிறா" என்று படித்துவிட்டு மாமா ஸ்டூலிலிருந்து இறங்கினார். "என்னது? யாரைக் கேட்டு?"

அக்கா எழுதினார். மாமா படித்தார்: "'என் குரல், நானே கேட்டுக்கிட்டேன்.' ஓகோ! அப்ப நான் யாரு?"

"மாமா, நான் பண்ணின தப்பு" என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரு தம்பி. இது எங்களுக்குள்ள." எண்ணெய்க் கையோடு அக்காவின் எதிரில் உட்கார்ந்தார். "இந்தா பாரு. கோள் எட்டா இருந்தா எனக்கென்ன, எண்பதா இருந்தா எனக்கென்ன? வளையம் கிழவியா இருந்தா என்ன, குமரியா இருந்தா என்ன? நான் அதையெல்லாம் கேக்கவா வர்றேன்?"

அக்கா வெகு நேரம் எழுதினார். மாமா அதை உரக்கப் படிக்கவில்லை. படித்து முடித்துக் குறிப்பேட்டை என்னிடம் நீட்டினார்.

"நீங்க குரலைக் கேக்க வர்றீங்க. மாசம் ஒரு நாள். மத்தவங்க விஷயம் கேக்க வர்றாங்க, தினம் அறுநூறு பிள்ளைங்க. இதுவரைக்கும் வெட்டினதும் ஒட்டினதும் என் வார்த்தைன்னு நினைச்சுத்தான் உக்காந்தேன். இப்ப எது நான் சொன்னது, எது இவன் சொல்லவச்சதுன்னு எனக்கே சந்தேகமா இருக்கு. நாளைக்கு வேற ஒண்ணு மாறும். மாத்தலாம், தப்பில்ல. மாத்துறவங்களுக்குத் தொண்டை இருக்கணும். எனக்கு இல்ல."

மாமா கையைத் துணியில் துடைத்தார். அது அக்கா மடித்துவைத்திருந்த வெள்ளைத் துணி. கழுத்துத் துணி. கறை பட்டுவிட்டது. அக்கா பிடுங்கவில்லை, அடிக்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

எழுதிக் கொடுத்தார். அலுவலகம் உடனே ஒத்துக்கொண்டது, இதற்காகவே காத்திருந்தவர்கள். வானொலியில் செய்தி படிக்கிற ஒரு பெண்ணை அமர்த்தினார்கள். பதிவு நடந்த இரண்டு நாளும் அக்கா கண்ணாடிக்கு இந்தப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் வேகமாகப் படித்தால் உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டுவார். வளையங்கள் வந்த இடத்தில் இரண்டு வாக்கியங்கள் எழுதிக் கொடுத்தார்: சனியோடு பிறந்தவை என்று சிலர் சொல்கிறார்கள், மிக இளையவை என்று சிலர் சொல்கிறார்கள். முடிந்ததும் அந்தப் பெண்ணிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். "ஒண்ணுல இருந்து ஆயிரம் வரைக்கும் தனித்தனியா சொல்லிட்டுப் போம்மா."

"ஆயிரமா? எதுக்கும்மா? சனிக்கு இருநூத்தி எழுபத்து நாலுன்னு சொல்லிட்டேனே" என்று அவள் சிரித்தாள்.

அக்கா எழுதினார்: "உனக்கு நாளைக்குத் தொண்டை கட்டினா?"

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று, இரண்டு என்று சொல்ல ஆரம்பித்தாள். அக்கா அருகிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு நூறுக்கும் ஒரு கோடு போட்டார். மூன்று கோப்புகளாகச் சேமித்தேன். ஒன்றை அண்ணனிடம், ஒன்றை அலுவலகத்தில், ஒன்றை என்னிடம் வைத்துக் கையெழுத்து வாங்கினேன்.

பழைய குரல் கடைசியாக ஓடிய நாள் மாமா வரவில்லை. முன்னாலேயே போய்ச் சொல்லியிருந்தேன். "தெரிஞ்சுக்கிட்டுப் போய் உக்காந்தா தூக்கம் வராது தம்பி" என்றார். கடைசிக் காட்சிக்கு இருபத்தேழு பேர். யாருக்கும் எதுவும் தெரியாது. அக்கா இருபத்தேழு டிக்கெட்டையும் கிழித்தார், கதவைச் சாத்தினார், வெளியே ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் உள்ளே போய்க் கேட்டேன். வேலைக்கு வந்த முதல் நாள் எண்ணிக்கொண்டே கேட்ட நான் அன்றைக்குத்தான் அந்தக் குரலை முழுசாகக் கேட்டேன். ஒட்டின இடங்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தன. மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது.

அந்தக் குரலை ஒரு பென்டிரைவில் போட்டு மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது கேட்டீர்களா என்றேன்.

"எங்க தம்பி? வீட்ல போட்டா அவ எதிர்ல இருக்கா. அவ இல்லாதப்ப போட்டா, அவ இல்லாமப் போயிட்ட மாதிரி இருக்கு" என்றார்.

அக்கா சென்ற ஆண்டு இறுதியில் பணி ஓய்வு பெற்றார். வயது ஐம்பத்தெட்டு. பணிமனைக்குப் பின்னால் அதே வீட்டில் இருக்கிறார். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பத்திரிகையில் அறிவியல் பக்கம் வந்தால் கத்தரித்து மாமா கையில் எனக்குக் கொடுத்தனுப்புகிறார். மாமா அதை வாசலில் புதிதாக வந்திருக்கும் ஆளிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். உள்ளே இருவரும் வருவதில்லை.